பிள்ளை வாயில் தமிழ் நிற்குமா?

அந்தமானில் உள்ள ஹேவ்லாக் தீவுக்கு அரசாங்க ஏட்டில் இப்போது ஸ்வராஜ் த்வீப் என்று பெயர். 2018 டிசம்பர் கடைசியில் அந்தப் பெயர் சூட்டப்பட்டது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. ஆனாலும் பேச்சில் ஹேவ்லாக்கும் போர்ட் பிளேரும் இன்னமும் போகவில்லை. வாயில் ஊறிய சொல் அவ்வளவு சுலபத்தில் மாறாது என்பதற்கு இது அத்தாட்சி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அதே தீவில் வளரும் தமிழ்க் குழந்தைகளின் வாயில், எந்த அரசாணையும் இல்லாமலேயே, ஒரு மொழி போய் இன்னொரு மொழி வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இதைப் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. கவனித்தவர்களும் "போகட்டும், பிழைக்கிற பாஷை வந்தால் சரி" என்று சமாதானம் செய்துகொள்கிறார்கள். இந்தச் சமாதானம் சரிதானா என்பதை இன்று நாம் பார்க்க வேண்டும்.

ஹேவ்லாக் தமிழர் தீவு அல்ல. தேசப் பிரிவினைக்குப் பிறகு கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்களை 1950-களில் அரசாங்கம் அங்கே குடியேற்றியது. கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ண நகர், ராதா நகர் என்ற ஊர்ப் பெயர்களே அதைச் சொல்லும். 2011 கணக்குப்படி தீவின் ஜனத்தொகை 6,000-த்துக்குச் சற்று மேல். சுற்றுலா வளர்ந்த பிறகுதான் நம்மவர் பலர் வேலை தேடி அங்கே போனார்கள். ஓட்டல் சமையல், கட்டட வேலை, கடை, படகு, அரசாங்க உத்தியோகம் என்று பலவகைத் தொழில். ஆகையால் அங்கே பிறந்து வளரும் ஒரு தமிழ்க் குழந்தைக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, கடைவீதியில் இந்தி, பள்ளிப் புத்தகத்தில் இந்தியும் ஆங்கிலமும். நாலு பாஷைக்கு நடுவில் அந்தப் பிள்ளை நிற்கிறது. இந்த நாலில் எது நிற்கும், எது போகும் என்பதே கேள்வி.

தீவுகள் முழுவதையும் எடுத்துக்கொண்டால் கணக்கு கவலை தருகிறது. 2001-இல் அந்தமான் நிகோபாரில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 63,000 பேர். நூற்றுக்குப் பதினேழு பேருக்கு மேல். 2011-இல் அது ஏறத்தாழ 58,000 ஆகி, நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைந்தது. அதே பத்தாண்டில் தீவுகளின் மொத்த ஜனத்தொகையோ 3,56,152-இலிருந்து 3,80,581 ஆகக் கூடியது. ஊர் திரும்பியவர்கள் பலர் இருக்கலாம். குறைவு முழுவதையும் மொழி மறதியின் கணக்கில் எழுதிவிட நாம் தயாராக இல்லை. ஆனால் எண்ணிக்கை குறையும் இடத்தில், இருக்கிற பிள்ளைகளின் நாவிலும் தமிழ் தேய்ந்தால் நிலைமை இரட்டிப்பாகக் கெடும் என்பதில் ஐயமில்லை.

மொழி ஒரே நாளில் போவதில்லை, படிப்படியாகப் போகிறது. முதல் படி, தாய் தமிழில் கேட்பாள், பிள்ளை இந்தியில் பதில் சொல்லும். தாய்க்கும் இந்தி புரியும் ஆதலால் பேச்சு தடைப்படாது. யாரும் கவலைப்பட மாட்டார்கள். இரண்டாம் படி, பிள்ளைக்குத் தமிழ் புரியும், ஆனால் பேச வராது. மூன்றாம் படியில் சோறு, தண்ணீர், வா, போ என்ற சமையலறைச் சொற்கள் மட்டும் மிஞ்சும். கடைசியில் அம்மா, அப்பா, தாத்தா, அத்தை என்ற உறவுப் பெயர்கள் மாத்திரம் நிற்கும். வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஓரளவு தமிழ் இருக்கும்; கடைக்குட்டிக்கு இருக்காது. காரணம், மூத்தது பள்ளிக்கூடம் போய்வந்த நாள் முதல் பள்ளிக்கூடப் பாஷையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறது. அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் எந்த மொழியில் சண்டை போடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேளுங்கள். அந்த வீட்டில் தமிழின் ஆயுள் எவ்வளவு என்பது விளங்கிவிடும்.

"சின்ன வயதில் படித்தது மறக்காது" என்று பெரியவர்கள் சொல்லுவதுண்டு. மொழி விஷயத்தில் இது பாதிதான் உண்மை. பிரான்சு நாட்டில் 2003-இல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. கொரியாவில் பிறந்து, மூன்று வயதுக்கும் எட்டு வயதுக்கும் இடையில் பிரெஞ்சுக் குடும்பங்களுக்குத் தத்து போனவர்களை, அவர்கள் வளர்ந்து ஆளான பிறகு சோதித்தார்கள். பல மொழி வாக்கியங்களை ஒலிக்கவிட்டு, எது கொரிய மொழி என்று கேட்டார்கள். அவர்களால் சொல்ல முடியவில்லை. எட்டு வயது வரை பேசிய தாய்மொழிகூட, கேட்க ஆளில்லாமல் போனால், இவ்வளவு சுத்தமாகத் துடைபட்டுப் போகக்கூடும். பன்னிரண்டு வயது போல் ஆன பிறகு மொழி விட்டால் அவ்வளவு வேகமாகப் போவதில்லை என்பதும் அறிஞர்கள் கண்ட செய்தி. ஆகவே, "பெரியவன் ஆனதும் கற்றுக்கொள்வான்" என்று தள்ளிப்போடுகிறவர்கள், மொழி வேர்விடும் வயதைக் கைநழுவ விடுகிறார்கள்.

இதற்கு ஆறுதலான மறுபக்கமும் உண்டு. 2014-இல் கனடாவின் மாண்ட்ரீல் நகரில் நடந்த சோதனையில், ஏறத்தாழ ஒரு வயதில் சீனாவிலிருந்து தத்து வந்து, பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்ந்த சிறுமிகளின் மூளை, சீன மொழியின் ஒலி ஏற்ற இறக்கத்தைச் சீன மொழி பேசுகிறவர்களின் மூளையைப் போலவே வாங்கிக்கொண்டது. அவர்களுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் உள்ளே ஒரு தடம் இருந்தது. குழந்தையில் காதில் விழுந்துகொண்டிருந்த மொழியைப் பிற்பாடு படிக்கிறவர்களுக்கு உச்சரிப்பு நன்றாக வருகிறது என்று அமெரிக்காவில் செய்த ஆராய்ச்சியும் காட்டியிருக்கிறது. பேசாவிட்டாலும் கேட்கட்டும் என்று வீட்டில் தமிழை ஒலிக்கவிடுகிற தாயின் பாடு வீண் போவதில்லை.

வெளிநாட்டு ஆராய்ச்சி எதற்கு? அந்தமானே இந்த விஷயத்தில் ஒரு பெரிய பாடப் புத்தகம். 1858-இல் வெள்ளைக்காரன் கைதிக் குடியேற்றம் அமைத்தபோது, பெரிய அந்தமானியப் பழங்குடியினர் பத்துப் பிரிவாக, பத்துப் பேச்சுக்களோடு வாழ்ந்தார்கள். நோயும் அழிவும் அவர்களை விரல்விட்டு எண்ணும்படி குறைத்தன. மிஞ்சியவர்களின் பிள்ளைகள் இந்தி பேசலானார்கள். அந்தப் பத்தில் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதர் போவா என்ற மூதாட்டி. தம் மொழியில் பேச எதிரே ஆளில்லாமல் பல ஆண்டுகள் வாழ்ந்து, 2010 ஜனவரியில் அவர் காலமானார். அவரோடு அந்த மொழியும் போயிற்று. அவர் பேச்சை மொழியியல் அறிஞர் அன்விதா அப்பி பதிவு செய்து வைத்ததனால், அப்படி ஒரு மொழி இருந்தது என்பதாவது உலகத்துக்குத் தெரிகிறது.

தமிழுக்கு அந்தக் கதி வராது. கோடிக்கணக்கானவர்கள் பேசும் மொழி நம்முடையது. ஆனால் தமிழ் அழியாது என்பது வேறு. நம் வீட்டில் தமிழ் இருக்கும் என்பது வேறு. தென்னாப்பிரிக்காவுக்கு 1860-இல் சென்னையிலிருந்து முதல் கப்பலில் கூலிகளாகப் போனவர்களின் சந்ததியில் பலருக்கு இன்று தமிழ்ப் பெயரும் கோயிலும் உண்டு. வாயில் தமிழ் இல்லை. ரியூனியன் தீவிலும் அப்படித்தான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி, பள்ளிக்கூடத்தில் பாடம், வானொலியும் தொலைக்காட்சியும் உண்டு. அங்கேகூட, இந்திய வம்சத்தாரில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுகிறவர்கள் 2000-இல் நூற்றுக்கு 43 பேராக இருந்து, 2010-இல் 37 பேராகக் குறைந்தார்கள். அரசாங்கம் எல்லா வசதியும் செய்துகொடுத்தாலும், வீடு கைவிட்டால் மொழி நிற்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வீடு கைவிடாவிட்டால் சிறு கூட்டமும் மொழியைக் காப்பாற்றும் என்பதற்கும் அந்தமானிலேயே சான்று உண்டு. 1925 முதல் பர்மாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கரேன் மக்கள் மாயாபந்தர் பக்கத்தில் வெபி முதலிய கிராமங்களில் குடியேறினார்கள். சிறு சமூகம்தான். ஆனாலும் சேர்ந்து வாழ்ந்ததாலும், வீட்டிலும் தேவாலயத்திலும் தங்கள் மொழியை விடாததாலும், கரேன் பேச்சு அங்கே இன்றும் இருக்கிறது. 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு நாடு கடத்தப்பட்ட மாப்பிள்ளைமார் தங்கள் ஊர்களுக்குக் கலிக்கட், மஞ்சேரி, வண்டூர் என்று பெயர் வைத்து மலையாளத்தையும் கூடவே வைத்துக்கொண்டார்கள். ஒரு மொழிக்கென்று வாரம் தவறாமல் கூடும் இடமும் நேரமும் இருந்தால், அது பிழைத்துக்கொள்கிறது.

"தமிழ் சோறு போடுமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கிறவர் கொத்தனாரோ, குமாஸ்தாவோ, அவர் கவலை நியாயமானது. அதற்குக் கையோடு பதில் சொல்ல வேண்டும். ஹேவ்லாக்கில் வேலை செய்கிற தமிழர்களில் எத்தனை பேர் அங்கேயே மண்ணாகப் போகிறார்கள்? குமாஸ்தாவுக்கு மாற்றல் உத்தரவு வரும். ஓட்டல் தொழிலாளிக்கு வேலை முடியும். கட்டட வேலை வேறு ஊருக்கு நகரும். குடும்பம் ராமநாதபுரத்துக்கோ, தூத்துக்குடிக்கோ திரும்பினால், பிள்ளை பள்ளியில் சேர வேண்டும். 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியிருக்கிறது. ஏழாம் வகுப்புப் பையன் 'அ'னா 'ஆ'வன்னா தெரியாமல் வந்து நின்றால், விலக்குக் கேட்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியவர் தகப்பனார். வெளியூரில் பிறந்த பிள்ளை, சொந்த ஊரில் ஊமையாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க யாருக்கு மனம் வரும்?

அதற்கு மேலும் உண்டு. தமிழ்நாடு அரசு வேலைக்கான தேர்வுகளில் தமிழ் மொழித் தாளைக் கட்டாயத் தகுதித் தாளாக 2021 டிசம்பர் அரசாணை ஆக்கிவிட்டது. அதில் நூற்றுக்கு நாற்பது எடுக்காவிட்டால் மற்றத் தாள்களைத் திருத்தவே மாட்டார்கள். குமாஸ்தா வேலைக்கும் இதே நிபந்தனைதான். சான்றிதழில் சொந்த ஊர் தமிழ்நாடு என்றிருந்தும், தமிழ் எழுதத் தெரியாத காரணத்தால் வாசலிலேயே நிற்கும் பிள்ளைகளை நாம் உண்டாக்கலாமா? தமிழ் சோறு போடுமோ போடாதோ, தமிழ் தெரியாமை ஒரு கதவை அடைக்கும் என்பது நிச்சயம்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. வீட்டில் ஒரு பாஷை, பள்ளியில் ஒரு பாஷை என்றால் குழந்தை குழம்பிப் போகுமாம். ஆகையால் வீட்டிலும் ஆங்கிலமோ இந்தியோ பேசவேண்டுமாம். படித்தவர்கள்கூட இப்படி யோசனை சொல்லுகிறார்கள். 1962-லேயே மாண்ட்ரீல் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை வைத்துப் பீல், லாம்பர்ட் என்ற இரு அறிஞர்கள் செய்த ஆராய்ச்சி, இரண்டு மொழி நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் ஒரு மொழிப் பிள்ளைகளுக்குப் பின்தங்கவில்லை, பல சோதனைகளில் முந்தியே நின்றார்கள் என்று காட்டியது. பெற்றோர் தங்களுக்கே அரைகுறையாகத் தெரிந்த மொழியில் பிள்ளையோடு பேசினால் நஷ்டம் இரண்டு. பிள்ளை கேட்கிற இந்தியும் ஒழுங்காயிராது, தமிழும் போய்விடும். கதை, பழமொழி, கண்டிப்பு, கொஞ்சல் எல்லாம் தாய்க்கு எந்த மொழியில் சரளமாக வருமோ, அந்த மொழியில்தான் பிள்ளையின் புத்தி நன்றாக விரியும்.

இவ்வளவும் சொல்லுவது இந்தியையோ வங்காளியையோ வெறுக்கச் சொல்லுவதற்கல்ல. நமக்கு இடம் கொடுத்த அக்கம்பக்கத்தாரின் மொழியைப் பேசுவது மரியாதையும் ஆகும், பிழைப்பும் ஆகும். தாய்மொழிப் பற்று என்றால் என்ன என்பதை வங்காளிகளுக்கு நாம் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. 1952 பிப்ரவரி 21-ந் தேதி டாக்காவில் வங்காள மொழிக்காக மாணவர்கள் உயிரைக் கொடுத்தார்கள். அந்த நாளையே 1999-இல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. ஹேவ்லாக்கின் வங்காளிகள் வந்த மண்ணும் அதுவே. நம் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள் என்றால் முதலில் புரிந்துகொள்கிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

அதோடு, தீவில் கிடைத்த இந்தியும் வங்காளியும்கூட ஒரு சொத்துதான். எட்டு வயதில் பாட்டி வீட்டுக்குப் படிக்க அனுப்பப்படுகிற பிள்ளை, சீக்கிரத்திலேயே இந்தியை மறந்துவிடுகிறது. பிற்காலத்தில் அதையே காசு கொடுத்துப் படிக்க வேண்டி வருகிறது. ஊர் திரும்புகிற குடும்பங்கள், தீவில் விட்டுவந்த சிநேகிதர்களோடு பிள்ளைகளைப் பேசவிட்டு, அந்த மொழிகளையும் உயிரோடு வைத்துக்கொள்ள வேண்டும். புழங்காத பாத்திரத்தில் பாசி பிடிக்கும். எந்த மொழியானாலும் விதி ஒன்றே.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதற்கடமை வீட்டில். வாசலுக்கு வெளியே எந்த மொழியும் பேசட்டும். வாசலுக்கு உள்ளே தமிழ் என்று ஒரு வழக்கம் வேண்டும். பிள்ளை இந்தியில் பதில் சொன்னால் அடிக்க வேண்டாம், கேலி செய்யவும் வேண்டாம். தப்பாகப் பேசும் தமிழைப் பார்த்துச் சிரிக்கிற உறவினர், அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறார். அது சொன்னதையே தமிழில் திருப்பிச் சொல்லி, பேச்சைத் தொடர்ந்தால் போதும். வாரம் இரண்டு தடவையாவது தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேச வையுங்கள். தமிழ் தவிர வேறு தெரியாத ஓர் ஆள் எதிரே இருந்தால், பிள்ளைக்குத் தமிழ் தானாக வரும். ஆறு வயதுக்கும் பன்னிரண்டு வயதுக்கும் இடையில் எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். எழுத்துத் தெரிந்தால், பேச ஆளில்லாத ஊரிலும் படிக்கப் புத்தகம் இருக்கும். தினம் கால் மணி நேரம் போதும். இந்தப் பத்திரிகையின் தலைப்பெழுத்துக்களைப் படிக்கச் சொன்னால்கூட அது ஒரு பாடந்தான்.

இரண்டாவது கடமை சங்கங்களுக்கு. பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் மேடை கட்டி, மாலை போட்டு, புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு தமிழ்த் தொண்டு முடிந்துவிடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம், ஒரு கோயில் மண்டபத்திலோ, ஒரு கடையின் பின்கட்டிலோ, பத்துப் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுப்பது அதைவிடப் பெரிய தொண்டு. ஹேவ்லாக்கைப் போன்ற சின்னத் தீவில் தமிழ் ஆசிரியர் கிடைக்காமல் போகலாம். தமிழில் பத்தாவது தேறிய ஒரு குமாஸ்தாவோ, வீட்டிலிருக்கும் ஒரு தாயோ இதைச் செய்ய முடியும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்ட கம்பி 2020 ஆகஸ்டில் பயனுக்கு வந்தது. அதன் ஒரு கிளை ஹேவ்லாக்கைத் தொடுகிறது. அந்தக் கம்பி வழியே சினிமாப் பாட்டு மட்டும் வரவேண்டும் என்று விதியில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்றே அமைத்திருக்கும் பாடங்களும் வரலாம். தண்டவாளமே இல்லாத தீவுக்குத் தமிழ்ப் பாடம் போய்ச்சேர இதைவிட நல்ல பாதை வேறில்லை.

மூன்றாவது கடமை அரசாங்கங்களுக்கு. மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு 1956 முதல் சொல்லுகிறது. ஒரு வகுப்பில் 10 பிள்ளைகளோ, ஒரு பள்ளியில் 40 பிள்ளைகளோ இருந்தால் ஆசிரியர் போட வேண்டும் என்பது 1949-லேயே மாகாணக் கல்வி மந்திரிகள் மாநாட்டில் ஏற்ற அளவு. போர்ட் பிளேரில் தமிழ் வழிப் படிப்பு உண்டு. ஆனால் 40 கிலோமீட்டர் கடல் தாண்டி தினம் படகேறி எந்தக் குழந்தை படிக்கப் போகும்? எண்ணிக்கை குறைந்த தீவுகளில் தமிழை ஒரு பாடமாகவேனும் சொல்லித்தர, சுற்றில் வரும் ஓர் ஆசிரியரை நிர்வாகம் அனுப்பலாம். பாடநூல்களைத் தமிழ்நாடு அரசு இலவசமாக அனுப்பி உதவலாம். ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு, எந்தப் பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் என்ற பட்டியல் கையில் வேண்டும். அந்தப் பட்டியலை எடுப்பதே தமிழ்ச் சங்கங்கள் இந்த மாதம் செய்ய வேண்டிய முதல் வேலை என்று நாம் கருதுகிறோம்.

கடல் தாண்டிப் போன தொழிலாளி மாதா மாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறார்; வீடு கட்டுகிறார்; நிலம் வாங்குகிறார். அதையெல்லாம் ஆளப்போகிற பிள்ளை, அந்த நிலத்தின் பத்திரத்தைப் படிக்கத் தெரியாதவனாக வளர்ந்தால், அவர் பட்ட பாடு பாதி வீண். பணத்தைப் பிறகும் சம்பாதிக்கலாம். ஆறு வயதும் பன்னிரண்டு வயதும் திரும்பி வாரா. இந்தப் பள்ளி ஆண்டிலேயே ஒவ்வொரு தமிழ்க் குடும்பமும் தன் வீட்டுப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்கத் தொடங்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம்.